மௌனத்துக்கு ஒட்டிய நட்சத்திரங்கள்

"செவ்வாய். வெளியே மைனஸ் பதினான்கு, காற்று. 4.10க்கு வீடு. தர்சிகா: ஆங்கிலம் இல்லை. சாப்பாடு முடியும்வரை சத்தமே இல்லை. ஐந்துக்கு ஐந்து. முழு நட்சத்திரமும் கிடைத்த முதல் நாள்."

நீல மட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றின் பதினேழாம் பக்கத்தில், என் கையெழுத்தில் இருக்கிறது இந்தக் குறிப்பு. மாதம் மாசி. ஆண்டு எழுதப்படவில்லை. எல்லாவற்றுக்கும் திகதி போடுகிறவன் என்று பெயரெடுத்த நான் ஆண்டை ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. தர்சிகா என் மகள், ஒரே பிள்ளை. அப்போது அவளுக்கு ஏழு வயது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரின் நான்காவது வாரத்தில், கோடையில், இதே குறிப்பை எடுத்துப் போட்டிருந்தேன். பெருமைக்காகத்தான் போட்டேன். ரொறன்ரோவில் வளர்ந்த என் மகள் இன்றுவரை என்னோடு ஓர் ஆங்கிலச் சொல்லும் கலக்காமல் பேசுகிறாள் என்று எழுதினேன். அது பொய்யல்ல. என்ன பேசுகிறாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

அந்த வாரம் ஒஷாவாவிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார்.

"அங்கிள், அந்த நட்சத்திர அட்டையை எப்பிடிச் செய்தனீங்கள்? எங்கட மகனுக்கு ஆறு வயசு. தமிழ் எல்லாம் விளங்கும், வாய் திறக்க மாட்டான்."

நான் அட்டையின் அளவைச் சொன்னேன். எத்தனை கட்டம், என்ன நிறம், எங்கே ஒட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவருடைய பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன். எண்ணைக் குறிக்கவில்லை. அவர் இதைப் படித்தால், அட்டையை இன்றே சுவரிலிருந்து கழற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காரணம் கீழே.

படிக்கட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

சென்ற இலையுதிர் காலம். ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற நகரில் மகளின் வீடு. செவ்வாய்க்கிழமைகளில் நானும் என் மனைவி மலரும் அங்கே போய்ப் பேத்தியைப் பார்த்துக்கொள்வோம். பேத்திக்கு நாலு வயது. இங்கே அவளை மாயா என்று எழுதுகிறேன். அது அவளுடைய பெயரல்ல. பெயரை அச்சில் போடக்கூடாது என்பது தாயின் கட்டளை.

மலர் பேஸ்மென்ட்டில் உடுப்புத் தோய்க்கப் போட்டுக்கொண்டிருந்தா. நான் படிக்கட்டின் கீழே உள்ள கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாயா படிகளில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அம்மப்பா, ஐ'ம் ஸ்டக்."

எனக்குக் கேட்டது. பக்கத்தைப் புரட்டினேன்.

"அம்மப்பா! ஐ'ம் ஸ்டக்!"

குரல் உயர்ந்தது. பிறகு அழுகை. பிறகு கைப்பிடிக் கம்பியில் தட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நான் ஒரு நீண்ட கட்டுரையின் நடுவில் இருந்தேன். வீடு அமைதியாகிவிட்டது என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. அது இதமாக இருந்ததும் நினைவிருக்கிறது.

கராஜ் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு தர்சிகா உள்ளே வந்தாள். வேலை அன்று நேரத்தோடு முடிந்திருந்தது. படியில் மாயா குந்தியிருந்தாள். கால் இரண்டு கம்பிகளுக்கிடையில் முழங்கால்வரை போய் இறுகியிருந்தது. முகமெல்லாம் கண்ணீர். வாய் மட்டும் மூடியிருந்தது. ஆறடி தள்ளி நான் பேப்பரோடு இருந்தேன்.

தர்சிகா குசினியிலிருந்து பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து வந்து, பிள்ளையின் காலில் பூசி, மெதுவாகத் திருப்பி எடுத்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய் அரைமணி நேரம் கழித்து வந்தாள்.

"அப்பா, அந்த நீலக் கொப்பி இன்னும் இருக்கோ?"

"இருக்கு."

"அடுத்த செவ்வாய் கொண்டு வாங்கோ."

அவ்வளவுதான். மலர் மட்டும் கார் வீதியில் ஏறிய பிறகு சொன்னா: "உங்களுக்குக் காது கேக்கேல்லை எண்டு டொக்டரிட்டக் காட்டுவமோ?"

"கேட்டது."

"அதுதான் நானும் பயந்தனான்."

பதில் சொல்லக்கூடாது என்று நான் முடிவெடுக்கவில்லை. இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. பிள்ளைக் குரலில் ஆங்கிலம் வந்தால் என் முகம் தானாகப் பேப்பருக்குத் திரும்பும். அது எனக்குப் பழகிப்போன ஒன்று. எப்படிப் பழகியது என்பதற்குத்தான் இந்த வாரம்.

பலகையில் நாற்பத்திமூன்று நாள்

கனடாவுக்கு வந்த புதிதில் ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். போத்தல் மூடிகள் செய்யும் இடம். ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில். விடிய முதல் போய்ப் பின்னேரம் திரும்புவேன்.

உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பலகை இருந்தது. விபத்தில்லாமல் கழிந்த நாட்களை அதில் எழுதுவார்கள். அறுபது நாள் ஆனால் எல்லோருக்கும் மதியம் பீட்சா. யாராவது காயப்பட்டு அலுவலகத்தில் பதிந்தால் எண் சைபருக்குப் போகும்.

மன்னாரைச் சேர்ந்த அந்தோனி அண்ணை என் பக்கத்து இயந்திரத்தில் நின்றார். ஒருநாள் அவருடைய நடுவிரல் தகட்டுக்கிடையில் அகப்பட்டது. நகம் கறுத்துவிட்டது. பெட்டி ஒட்டும் நாடாவை எடுத்து விரலைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து வேலை செய்தார்.

"அண்ணை, போய்ப் பதியுங்கோவன்."

"பலகையைப் பாத்தனியோ? நாப்பத்திமூண்டு. நான் போய்ச் சொன்னால் நாளைக்கு இஞ்ச நிக்கிற அவ்வளவு பேரும் என்னை ஏதோ அவங்கட வாயிலை இருந்து பறிச்சவன் மாதிரிப் பாப்பாங்கள்."

"உங்கட விரல் அண்ணை."

"விரல் பத்துக் கிடக்குத் தம்பி. பீட்சா ஒண்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். அறுபதாம் நாள் பீட்சா வந்தது. அந்தோனி அண்ணை இடது கையால் சாப்பிட்டார்.

அந்தப் பலகை விபத்தைக் குறைக்கவில்லை, விபத்தைச் சொல்வதைத்தான் குறைத்தது என்று அன்றே எனக்கு விளங்கியிருந்தது. பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி நினைத்துச் சிரித்ததைக் கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன். அதே கொப்பியில் நாலு பக்கம் தள்ளி, அதே பலகையைப் பார்த்து நான் வீட்டுக்குச் செய்த அட்டையின் படம் இருக்கிறது.

அட்டையின் விதிகள்

தர்சிகா அந்த வருடம் வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியிருந்தாள். பொம்மையோடு ஆங்கிலம், தாயோடு பாதி ஆங்கிலம். நாட்டை விட்டு வந்தவனுக்கு இதுவும் போய்விடும் என்ற பயம். பயத்தில் செய்தது என்று சொன்னால் அது சாட்டு. விதிகளை மட்டும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து நட்சத்திரத்தோடு தொடங்கும். ஒவ்வோர் ஆங்கில வசனத்துக்கும் ஒன்று போகும். மிஞ்சியவை சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையில் ஒட்டப்படும். வெள்ளி மாலை இருபது இருந்தால் சனிக்கிழமை சந்திக் கடையில் வண்ணத்தூள் தூவிய டோனட்.

இரண்டாவது விதி அட்டையில் எழுதப்படவில்லை. ஆங்கிலத்தில் சொன்னது அப்பாவுக்குக் கேட்காது.

இதை இன்னொரு தடவை படித்துப் பார்க்கும்படி ஒஷாவாத் தாயைக் கேட்கிறேன். தமிழில் பேசினால் நட்சத்திரம் என்று இதில் எங்கேயும் இல்லை. ஆங்கிலம் பேசாவிட்டால் நட்சத்திரம். ஏழு வயதுப் பிள்ளை அந்த வித்தியாசத்தை இரண்டு கிழமையில், பதினான்கு நாளில், கண்டுபிடித்தாள். எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

கொப்பி சொல்வது இது. முதல் கிழமை: "கத்துகிறாள். முன்பைவிட அதிக ஆங்கிலம். வேண்டுமென்றே செய்கிறாள்." இரண்டாம் கிழமை: "சட்டையைப் பிடித்து இழுத்து டாட், டாட் என்றாள். திரும்பவில்லை. அழுதுவிட்டுப் போனாள்." மூன்றாம் கிழமை: "ஆங்கிலம் அநேகமாக இல்லை. முறை வேலை செய்கிறது."

முறை வேலை செய்தது. அதில் சந்தேகமில்லை.

சாவி

நாங்கள் இருந்தது பதினொராம் மாடி. கதவுப் பூட்டு இறுக்கமானது. சாவியை இரண்டு தடவை திருப்ப வேண்டும். நடைபாதையில் வரும்போதே உள்ளே ரீவிச் சத்தமும் தர்சிகாவின் சிரிப்பும் கேட்கும். தாயும் மகளும் மூன்றரையிலிருந்து நாலு பத்துவரை ஒன்றாக இருக்கும் நேரம். அதன்பிறகு மலர் பேக்கரி வேலைக்குப் போய்விடுவா. நாங்கள் இருவரும் வீட்டு வாசலில் ஒருவரை ஒருவர் கடந்துபோகும் குடும்பம்.

சாவி பூட்டுக்குள் போனதும் உள்ளே எல்லாம் நின்றுவிடும். ரீவி, சிரிப்பு, எல்லாம்.

ஒருநாள் நான் சாவியைப் போட்டுத் திருப்பாமல் நின்றேன். அமைதி. வெளியே எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே மெதுவாக ஒரு குரல் எழுந்தது. மறுபடி போட்டேன். அமைதி. எடுத்தேன். போட்டேன். மூன்று தடவை செய்தேன். நடைபாதையில் நின்று தனியே சிரித்தேன். உடுப்புக் கூடையோடு வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்.

"என் சாவிக்கு இருக்கிற மரியாதை" என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு இந்த மரியாதை தெரியாததல்ல. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருடைய சைக்கிள் ஸ்ராண்டை அவர் காலால் தட்டும் சத்தம் கேட்டால் நாற்பது பேர் வகுப்பு வாயை மூடும். அவர் லீவில் நின்ற ஒரு தவணையில் வேறு யாரோ அந்த மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார்கள். அப்போதும் மூடினோம். என் உள்ளங்கை வியர்த்தது. அவரும் அவருடைய பிரம்பும் அந்த ஊரிலேயே இல்லை.

படிக்கட்டுச் சம்பவத்துக்குப் பிறகு நூலகத்தில் இதைப் பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். சோற்றுக்கு முன்னால் மணி அடித்து அடித்து, கடைசியில் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊற வைத்த ருஷியப் பரிசோதனை எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குள் புறாவை விட்டு, அது கொத்தும்போது தானியம் கொடுத்துப் பழக்கிய கதையும் தெரிந்ததே. புத்தகங்களில் என்னைச் சுட்டது வேறு இடம். பரிசு உங்கள் நோக்கத்தைப் படிப்பதில்லை. அது வருவதற்குச் சற்று முன் உயிர் என்ன செய்ததோ அதையே வளர்க்கும். நீங்கள் மனதில் தமிழை நினைத்துக்கொண்டு நட்சத்திரத்தை ஒட்டலாம். பிள்ளை அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால், வளர்வது மூடிய வாய்.

இன்னொன்றும் படித்தேன். பதில் கிடைக்காத குரல் முதலில் உரத்துக் கேட்கும், அடம்பிடிக்கும், பிறகு அணையும். என் கொப்பியின் மூன்று கிழமையும் அப்படியே அச்சில் இருந்தது. நான் எழுதிய "முறை வேலை செய்கிறது" மட்டும் அங்கே இல்லை.

பதினேழாம் பக்கத்தின் மறுபக்கம்

அந்த மாசிச் செவ்வாய்க்கு வருகிறேன்.

மலருக்கு அன்று மேலதிக வேலை. காலையிலேயே போய்விட்டா. பக்கத்து வீட்டு அன்ரி தர்சிகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து எங்கள் வீட்டில் கூட இருந்தா. நான் வந்ததும் அவ போய்விட்டா. தர்சிகா கோட்டைக் கழற்றாமல் சோபாவின் மூலையில் இருந்தாள்.

"டாட், அற் ரிசெஸ்..." இடைவேளையில் ஏதோ நடந்ததைச் சொல்ல வந்தாள்.

"எனக்குக் கேக்கேல்லை."

எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினாள்.

"கடிதம் பிறகு பாக்கிறன். வாயாலை சொல்லு பிள்ளை. தமிழிலை சொல்லு."

நின்றாள். வாய் திறந்து மூடியது. பிறகு போய் அதே மூலையில் இருந்தாள். கோட்டோடுதான் சாப்பிட்டாள், வலது கையால். ஒரு சொல்லும் பேசவில்லை. நான் ஐந்து நட்சத்திரத்தையும் அவளுக்கு முன்னால் ஒட்டினேன். தலையைத் தடவிவிட்டேன்.

மறுநாள் காலை மலர், பிள்ளை போட்டபடியே தூங்கியிருந்த கோட்டைக் கழற்றி உடுப்பு மாற்றப்போனபோது பிள்ளை கத்தினாள். இடது மணிக்கட்டு வீங்கி, தோல் பளபளத்தது. பள்ளிக்கூட முற்றத்துப் பனிக்கட்டியில் விழுந்திருந்தாள். அந்தத் துண்டுக் கடதாசியில் ஆசிரியர் இரண்டு வரியில் அதைத்தான் எழுதியிருந்தார்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். எலும்பில் வெடிப்பு. இளம் மருத்துவர் தர்சிகாவின் முன் முழங்காலில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டார், நேற்று விழுந்ததை அம்மாவிடமோ அப்பாவிடமோ சொன்னாயா என்று. மலர் வெளியே பத்திரம் நிரப்பிக்கொண்டிருந்தா. அறையில் நான் மட்டும்.

தர்சிகா என்னைப் பார்த்தாள். பிறகு மருத்துவரைப் பார்த்தாள்.

"நோ."

மருத்துவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்களைப் போல வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பயம் இருந்தது. பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று எழுதினால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது. "இல்லை, சொன்னாள், நான்தான் கேட்கவில்லை" என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதும். சொல்லவில்லை.

அவளுடைய அந்த ஓர் ஆங்கிலச் சொல் எனக்கு நன்றாகக் கேட்டது.

புதன்கிழமைக் குறிப்பு: "கையில் பச்சைக் கட்டு. இன்று நட்சத்திரம் இல்லை, விடுமுறை." அடுத்த திங்கள் அட்டை மறுபடி தொடங்கியிருக்கிறது. நிறுத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பதிவு அப்படி இல்லை.

மேசையில் கொப்பி

அடுத்த செவ்வாய் கொப்பியோடு போனேன். தர்சிகாவின் தொழில், பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேச்சைப் பழக்குவது. ஒரு பிள்ளை எப்போது சத்தம் போட்டது, அதற்கு முன் என்ன நடந்தது, அதற்குப் பின் என்ன கிடைத்தது என்று நிமிடக் கணக்கில் எழுதுவாள். என் கொப்பியையும் அப்படித்தான் படித்தாள். நின்றபடி, கையில் பென்சிலோடு.

மலர் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தா.

"வடிவா எழுதி வைச்சிருக்கிறார், என்ன? வழக்குக்குப் போனால் சாட்சியே தேவையில்லை."

"அம்மா, ப்ளீஸ்."

பதினேழாம் பக்கத்தில் தர்சிகா நின்றாள்.

"கை நோகுது எண்டு சொல்ல உனக்குத் தெரியும்தானே பிள்ளை" என்றேன். இத்தனை வருடமாக எனக்குள் வைத்திருந்த கேள்வி. குற்றச்சாட்டுப் போல வந்துவிட்டது.

"தெரியும். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை." பென்சிலை வைத்தாள். "ஒரு பெடியன் என்னைத் தள்ளினவன் அப்பா. டீச்சர் அவனைத்தான் நம்பினவா. நான் பொய் சொல்றன் எண்டு சொன்னவா, எல்லாருக்கும் முன்னால. தட்ஸ் வட் ஐ வோண்டட் டு டெல் யூ. அந்த முழுக் கதையும். அதுக்கு என்னட்டைத் தமிழ் இருக்கேல்லை. பிழையாச் சொன்னால் நட்சத்திரம் போயிடும். ஸோ ஐ டிட் த திங் தட் கொட் மீ ஸ்டார்ஸ். வாயை மூடினன்."

நான் அவளைப் பார்த்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக என்னோடு ஆங்கிலம் கலந்து பேசுகிறாள். முதல் தடவையாக என்னிடம் ஏதோ ஒன்றைச் சொல்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

"நீயும் வேலையிலை ஸ்ரிக்கர் குடுக்கிறனிதானே" என்றேன். வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

"ஓம், குடுக்கிறன். ஒரு பிள்ளை 'பா' எண்டால் குடுக்கிறன். அரைவாசி 'பா' எண்டாலும் குடுக்கிறன். கதைச்சதுக்குக் குடுக்கிறன் அப்பா. நீங்கள் கதைக்காததுக்குக் குடுத்தனீங்கள்."

"நான் உனக்குத் தமிழ் வரவேணும் எண்டுதான்..."

"வந்தது. 'சாப்பிட்டீங்களோ அப்பா.' 'ஓம் அப்பா.' 'சரி அப்பா.' 'குளிர், கவனமாப் போங்கோ அப்பா.' ஒரு இங்கிலிஸ் சொல் இல்லை. நீங்கள் பேப்பரிலையும் எழுதிட்டீங்கள்." கொப்பியை மூடினாள். "இதிலை பழகினது நான் மட்டும் இல்லை. எட்டு மணித்தியாலம் மெஷின் சத்தத்துக்குள்ள நிண்டுட்டு வருவீங்கள். நீங்கள் திரும்பாட்டால் நான் அழுவன், பிறகு அடங்குவன். வீடு அமைதியாகும். அது உங்களுக்கு டோனட். ஒவ்வொரு நாளும் கிடைச்சது. அதுதான் போன கிழமையும் நீங்கள் திரும்பேல்லை."

மலர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "எனக்கும் அந்த வீடு விளங்கினதுதான். நான் வேலைக்குப் போற அவசரத்திலை விட்டுட்டன். அவரை மட்டும் சொல்லாதை."

"உங்களைப் பிறகு சொல்றன் அம்மா" என்றாள் தர்சிகா. மூன்று பேரும் கொஞ்சம் சிரித்தோம். அதோடு சிரிப்பு முடிந்தது.

"அப்பா, இந்த வீட்டுச் சாவியை மேசையிலை வையுங்கோ."

"கோபத்திலையோ?"

"கோபம் இல்லை. நீங்கள் சாவி போடேக்க, நான் ஃபோனிலை ஆரோடை கதைச்சாலும் என்ர வாய் நிக்குது. இப்பவும். அதை நான் சமாளிப்பன், பழகிட்டன்." அறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே மாயா தன்பாட்டில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். "இண்டைக்கு நீங்கள் கதவு திறக்கேக்க அவளும் பாட்டை நிப்பாட்டினவள். ஒரு கிழமைதான் ஆகுது அந்தப் படிக்கட்டு. பழக ஒருக்காவே போதும் அப்பா."

சாவியை வளையத்திலிருந்து கழற்ற எனக்கு நேரம் எடுத்தது. நகம் வளையத்துக்குள் போகவில்லை. அவள் உதவ வரவில்லை. நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் இனி மலர் மட்டும் பார்த்துக்கொள்வா என்று முடிவானது. தர்சிகா வீட்டில் இருக்கும்போது நான் வரலாம். பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது. எதுவரை என்று கேட்டேன். திகதி கேட்கிறவன்தானே.

"நீங்கள் திரும்பிப் பாக்கிறவரை" என்றாள்.

இப்போது

செவ்வாய்களில் மலரை மார்க்கத்தில் வாசலில் இறக்கிவிட்டு, பக்கத்துப் பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் நாலு மணிவரை இருப்பேன். புத்தகம் கொண்டுபோவேன். பக்கங்கள் திரும்பும், ஒன்றும் ஏறாது. கடைக்கு வரும் பிள்ளைகள் காருக்கு வெளியே ஆங்கிலத்தில் எதையாவது கேட்டுக் கத்தும்போது, தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகுகிறேன். யாருடைய பிள்ளையோ. அதனால் எளிதாக இருக்கிறது.

நாலு மணிக்கு மணியை அழுத்திவிட்டு வெளியே நிற்பேன். மார்கழியில் ஒருநாள் மாயா ஓடிவந்து கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். ஆங்கிலம். நான் "என்ன?" என்றேன். குனிந்துதான் சொன்னேன். ஆனால் கொஞ்சம் பிந்திவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், வருமா வராதா என்று. அந்தப் பார்வையை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அப்போது அதற்கு நட்சத்திரம் ஒட்டினேன்.

நீலக் கொப்பி இப்போது தர்சிகாவிடம் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. மேலே உள்ள குறிப்புகளை அவள் அனுப்பிய படங்களிலிருந்து எடுத்தெழுதினேன்.

இந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுக்குக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். மருத்துவர் கேட்ட கேள்விக்கு அவள் "நோ" என்ற இடம். அருகில் எதுவும் எழுதவில்லை.

தொலைபேசியில் கேட்டேன். அன்று அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்றவா? அல்லது ஆங்கிலத்தில் சொன்னது சொன்னதாகாது என்ற என் விதிப்படி, அவளுக்கு அதுதான் உண்மையா?

மறுமுனையில் மாயா பாடுவது கேட்டது.

"எனக்கு ஞாபகம் இல்லை அப்பா" என்றாள். "குளிர் கூட. கவனமாயிருங்கோ."

ஓர் ஆங்கிலச் சொல்லும் இல்லை. ஆகவே அந்த "நோ"வுக்கான காரணம், இதை எழுதும்வரை, உறுதி செய்யப்படவில்லை.